கடைசிப் பக்கத்தில் ஓர் ஆள் குறைகிறது

போன செவ்வாய்க்கிழமை காலை ஆறே முக்காலுக்கு என் செல்போன் அடித்தது. அடுப்பில் பால், கையில் இஞ்சி. நல்ல செய்தி சொல்ல யார் ஆறே முக்காலுக்குக் கூப்பிடுகிறார்கள், சொல்லுங்கள்?

"அக்கா, நான் ஏழுமலை பேசுறங்க. டெய்லர் அஞ்சலை வூட்டுக்காரரு."

"சொல்லுங்க ஏழுமலை, என்ன இவ்வளவு காலையில?"

"என்னா புக்குங்கக்கா குடுத்தீங்க அவளுக்கு? என் ஷூவ எங்கியோ ஒளிச்சி வச்சிகினு குடுக்க மாட்டேங்கறா. இன்னிக்கு வேலைக்குப் போவக்கூடாதாம். அக்கா குடுத்த புக்குலயே போட்டிருக்குன்றா. ஏழரைக்கு வேனு வந்துடுங்க. நீங்க வந்து ஒரு வார்த்த சொல்லுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்..."

பால் பொங்கி வழிந்தது. அணைத்துவிட்டு, கட்டியிருந்த புடவையோடு ஸ்கூட்டியை எடுத்தேன். டவுன்ஷிப் ஆர்ச் கேட்டைத் தாண்டியதும்தான் சந்தேகம் வந்தது... அடுப்பை அணைத்தேனா, இல்லையா? திரும்பிப் போக நேரமில்லை. என் சுபாவம் தெரிந்தவர்களுக்கு அந்த அரை மணி நேரம் எப்படிப் போயிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

நடந்ததை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

எனக்கு கிராஃபிக் நாவல் பைத்தியம் உண்டு. பெரிய விஷயம் ஒன்றும் இல்லை, படக்கதைதான். ஆனால் சண்டையும் சாகசமும் போட்டு முப்பத்திரண்டு பக்கத்தில் முடிகிற படக்கதை இல்லை. ஒரு குடும்பம், ஒரு ஊர், ஒரு முழு வாழ்க்கை... எல்லாம் கட்டம் கட்டமாக. எங்கள் குவார்ட்டர்ஸில் இதற்கென்று ஒரு பீரோ இருக்கிறது. என் வீட்டுக்காரர் அதை "உன் பொம்மை பீரோ" என்பார். ரிட்டயர் ஆகிக் குவார்ட்டர்ஸைக் காலி செய்யும்போது அதைத் தூக்கப்போவது அவர்தான் என்கிற கவலை அவருக்கு.

இந்தப் பைத்தியம் வெளியே தெரிந்ததிலிருந்து, "புதுசா ஆரம்பிக்கிறேன், எதைப் படிக்கலாம்?" என்று கேட்பவர்கள் அதிகம். நானும் டாக்டர் சீட்டு எழுதுவது மாதிரி இந்தப் பத்திரிகைப் பத்தியில் எழுதிக் கொடுப்பேன். உலகமே புகழ்கிறதே என்று போர், சிறை, படுகொலை என்று கனமானவற்றில் ஆரம்பிக்காதீர்கள், நாற்பதாம் பக்கத்தில் மூடிவிடுவீர்கள். தலையணை சைஸ் வேண்டாம். வீட்டுக் கதையில் தொடங்குங்கள். வசனம் குறைவாக இருந்தால் நல்லது, வசனமே இல்லாவிட்டால் இன்னும் நல்லது! அவசரமாகப் புரட்டாதீர்கள். ஒரு கட்டத்தில் கை தம்ளரை எடுக்கிறது, அடுத்த கட்டத்தில் தம்ளர் உடைந்து கிடக்கிறது. விழுந்ததை யாரும் வரையவில்லை. நீங்கள்தான் விழவைத்தீர்கள்...

இப்படியெல்லாம் பேசிப் பேசி எனக்கே என் மேல் ஒரு மரியாதை வந்திருந்தது. யாருக்கு எந்தப் புத்தகம் என்பதில் என்னை அடிக்க ஆளில்லை என்று ஒரு நினைப்பு. நினைப்புதான் பிழைப்பைக் கெடுத்தது.

தீபாவளி ஜாக்கெட்டைக் கொடுக்க வந்த அஞ்சலை, அந்த பீரோ முன்னால் நின்றுவிட்டாள். முத்தாண்டிக்குப்பத்திலிருந்து சைக்கிளில் வந்து எங்கள் பிளாக்கில் பாதி வீட்டுக்குத் தைத்துக் கொடுப்பவள். எட்டாவது வரை படித்தவள். வாய் ஓயாது.

"என்னாக்கா, இவ்ளோ பெரிய மனுசி பொம்ம புக்கு படிக்கறீங்க?"

"படிச்சுப் பாரேன்."

"எனக்கு எழுத்தெல்லாம் ஓட மாட்டேங்குதுங்கக்கா. வாரப் பத்திரிகைல ஒரு கதய எடுத்தா ரெண்டு வரியில மனசு எங்கியோ பூடுது. புயலுக்கு அப்புறம் இப்படித்தான்."

‘தானே’ புயல் அடித்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. அன்றைக்கு அவள் புருஷன் ஏழுமலை நைட் ஷிப்ட். நிலக்கரிச் சுரங்கத்தில் காண்ட்ராக்ட் வேலை, கன்வேயர் பக்கம். வீட்டின் மேல் போட்டிருந்த ஷீட் பறந்துவிட, மகளை மடியில் அமுக்கிக்கொண்டு தையல் மெஷினுக்கு அடியில் விடிய விடிய உட்கார்ந்திருந்தாள். காலையில் வர வேண்டியவன் வரவில்லை. முந்திரியும் பலாவும் யூகலிப்டஸும் ரோடு முழுக்கச் சாய்ந்து கிடக்க, ஒவ்வொரு மரமாக ஏறி இறங்கி அவன் வந்து சேர்ந்தபோது மதியம் தாண்டிவிட்டது. அதுவரை உயிரோடு இருக்கிறானா, இல்லையா? அவளுக்குத் தெரியாது. அவனுக்கு ஒரு கீறல் இல்லை. ஆனால் அன்றிலிருந்து அவன் வேலைக்குக் கிளம்பினாலே இவளுக்குத் தையல் கோணிக்கொள்ளும். மேகம் கறுத்தால் விடவே மாட்டாள்.

இந்த மழைக்காலத்தில் மட்டும் மூன்று ஆப்சென்ட். பதினோரு வருட காண்ட்ராக்ட், பர்மனன்ட் லிஸ்ட்டுக்குப் பேர் எழுதுகிற மாதம் வேறு. இன்னும் ஒரு நாள் வராவிட்டால் உன் பேரை எழுத மாட்டேன் என்று சூப்பர்வைசர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாராம். என் வீட்டுக்காரர் பர்மனன்ட், எங்கள் வீட்டில் ஒரு ஆப்சென்ட் என்றால் ஒரு நாள் லீவு போகும், அவ்வளவுதான். அவர்கள் வீட்டில் பதினோரு வருடமும் போய்விடும். இது எனக்குத் தெரியும். தெரிந்துதான் புத்தகம் கொடுத்தேன், மனசு கொஞ்சம் வேறு பக்கம் திரும்பட்டும் என்று.

முதல் புத்தகம், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டிபன் கடை நடத்தும் ஒரு அம்மா, மகள் கதை. மூன்று நாளில் திரும்பி வந்தது.

"நல்லாத்தான் இருக்குங்கக்கா. ஆனா அந்தம்மா ஜாக்கெட்டு ஒரு பக்கத்துல முன்னாடி ஹூக்கு, அடுத்த பக்கத்துல பின்னாடி ஹூக்கு. எவன் தச்சது?"

ஐந்து முறை படித்தவள் நான். எனக்குக் கண்ணில் படவில்லை! இரண்டாவது, ஒரே ஒரு கடிதத்தோடு மலை ஏறுகிற தபால்காரர் கதை. அதையும் முடித்துவிட்டு, "இன்னொன்னு குடுங்க, தையலுக்கு நடுவுல படிக்க சொகமா இருக்கு" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. மூன்றாவதாக, வசனமே இல்லாத ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். ஆற்றங்கரையில் படகு ஓட்டும் ஒருவரும் அவர் மனைவியும். பத்து வருடத்துக்கு முன்னால் படித்தது. எனக்கு ஞாபகமிருந்ததெல்லாம் ஆறும், அவர்கள் வளர்க்கும் ஆடுகளும்தான். அமைதியான புத்தகம் என்று சொல்லி வேறு கொடுத்தேன், பாவி.

இப்போது செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது மணி ஏழு இருபது. வானம் முழுக்க மூட்டம். வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் என்று முந்தின நாளே டிவியில் சொல்லிவிட்டார்கள். ஏழுமலை யூனிபார்ம் போட்டு, சாப்பாட்டு வயர் கூடையைக் கையில் பிடித்து, வெறுங்காலோடு வாசலில் நிற்கிறான். சேஃப்டி ஷூ இல்லாமல் கேட்டுக்குள் விட மாட்டார்கள். அஞ்சலை மெஷின் முன்னால், மடியில் என் புத்தகத்தோடு.

"ஷூ எங்கம்மா?"

"குடுக்க மாட்டேங்கக்கா. நீங்களே பாருங்க. மொதப் பக்கத்துல எத்தினி பேரு? ரெண்டு. கடைசிப் பக்கத்துல? எண்ணுங்க."

கடைசிப் பக்கத்தை விரித்துக் காட்டினாள். நல்ல வெயில். படித்துறையில் அந்த மனைவி மட்டும் நிற்கிறாள்.

"நான் எந்த புக்குன்னாலும் மொதல்ல கடைசிப் பக்கந்தாங்கக்கா பாப்பேன். போன ஆளெல்லாம் திரும்பி வந்துட்டாங்களான்னு எண்ணிகினுதான் மொதல்லேர்ந்து படிப்பேன். அந்த ரெண்டு புக்குலயும் சரியா இருந்திச்சி. இதுல ஒரு ஆளு கொறையுது. நேத்து சாயங்காலம் பாத்தேன், ராத்திரி கண்ண மூடல. வானத்தப் பாருங்க, எப்பிடி இருக்குதுன்னு!"

எழுத்துப் புத்தகத்தில் இப்படி எண்ண முடியாது. படத்தில் ஒரே பார்வையில் எண்ணிவிடலாம். எப்படிப் படிக்க வேண்டும் என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிற எனக்கு, இப்படியும் ஒருத்தி படிப்பாள் என்று தோன்றியதே இல்லை. அதோடு, அந்தப் பக்கத்தைப் பார்த்ததும் ஞாபகம் வந்துவிட்டது. அந்த மனுஷர் செத்துப்போகிறார்.

ஏழு இருபத்தேழு.

"அட பைத்தியமே," என்றேன். சிரிக்கக்கூடச் செய்தேன், எங்கிருந்து வந்ததோ அந்தச் சிரிப்பு. "வெயிலப் பாரு. பட்டப்பகல். பகல்ல ஆம்பளை வீட்டுல இல்லன்னா என்ன அர்த்தம்? டியூட்டில இருக்காருன்னு அர்த்தம். அவர் படகு ஓட்டறவர், படகு கரையில இருக்கா? இல்லல்ல? ஆள ஏத்திக்கிட்டு அக்கரைக்குப் போயிருக்கார். நம்ம ஊருல காலையில பதினோரு மணிக்கு யாராவது வந்து வீடு வீடாப் படம் வரைஞ்சா, எல்லாப் படத்துலயும் பொம்பளை மட்டுந்தான் நிப்பா. என் வீட்டுப் படத்துலயும் நான் ஒருத்திதான். அதுக்காக என் வீட்டுக்காரரு போயிட்டாருன்னு சொல்லுவியா?"

அவள் படத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். திரும்பப் படத்தைப் பார்த்தாள்.

"படகு இல்லதான்," என்றாள்.

எழுந்து போய் அரிசி டிரம்மைத் திறந்து, பிளாஸ்டிக் பையில் சுற்றிய ஷூவை எடுத்துக் கொடுத்தாள். ஏழுமலை என்னைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, லேஸ்கூடக் கட்டாமல் ஓடினான். வேன் கதவு மூடுகிற சத்தம் கேட்டது.

எப்பேர்ப்பட்ட சாமர்த்தியம்! பதினோரு வருடத்தைக் காப்பாற்றிவிட்டேன். புத்தகத்தை வாங்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

"குடும்மா, இதைவிட நல்லதா ஒண்ணு கொண்டுவரேன்."

"இருக்கட்டுங்கக்கா. வேலைக்குத்தானே போயிருக்காருன்னீங்க? அப்ப பயம் இல்ல. படிச்சிட்டே குடுக்கறேன்."

கையை நீட்டினேன். புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டாள். என்ன சொல்லிப் பிடுங்குவது? சொன்னால் பொய் வெளியே வரும். விட்டுவிட்டுப் போனால், மூட்டம் போட்ட நாளில், புருஷன் மைன்ஸில் இருக்கும்போது, மகள் பள்ளிக்கூடம் போன பிறகு, தனியாக அதைப் படிப்பாள். ஜாக்கெட் அளவு சரியில்லை, பார்த்துச் சொல் என்று ஏதோ உளறிவிட்டு எதிரே உட்கார்ந்தேன்.

அஞ்சலை படிக்க ஆரம்பித்தாள். அவசரமில்லாமல், ஒவ்வொரு கட்டமாக, விரல் வைத்து. நான் சொல்லிக் கொடுத்த மாதிரியே.

"இவருக்கு இந்தம்மா மேல எம்மாம் பிரியம் பாருங்க."

"எதுல?"

"அந்தம்மா ஆட்டுல பால் கறக்குது. இவரு சும்மா நிக்கற மாதிரி நிக்கறாரு. ஆனா இவரு நெழலு அந்தம்மா தலையில வுழுவுற மாதிரி பாத்துகினு நிக்கறாரு. வெயிலுக்கு."

இதையும் நான் பார்த்ததில்லை. இவள் இப்படிப் படித்தால், அந்த இடம் வரும்போது என்ன ஆவாள்? எத்தனை பக்கம் இருக்கிறது அதற்கு? இருபதா, பதினைந்தா? ஒவ்வொரு முறை அவள் பக்கத்தைத் திருப்பும்போதும் எனக்குப் பல் கிட்டியது.

அடுத்த பக்கத்தில் ஆடுகள் எல்லாம் ஒரே திசையில் திரும்பி நின்றன.

அடக் கடவுளே! அதுவரை சுத்தமாக மறந்துபோயிருந்தது இப்போது ஞாபகம் வந்தது. காற்று. நான்கு பக்கம், கறுப்பு மையில், வெறும் காற்று. மரம் வளைகிறது, கூரை போகிறது, ஆற்றின் நடுவில் ஒரு படகு. புயலைக் கண்டாலே நடுங்குகிறவளுக்கு, நான், என் கையால், புயலைக் கொடுத்திருக்கிறேன்.

அவள் விரல் நின்றுவிட்டது. வெளியே கொடியில் காய்ந்த துணிகள் படபடவென்று அடித்துக்கொண்டன. அவள் திருப்பினாள். திருப்பினாள். படகு கரைக்கு வந்து சேர்கிறது. படகில் யாரும் இல்லை.

அவள் கத்தவில்லை. எழுந்து வாசலுக்குப் போய் வானத்தைப் பார்த்தாள். உதடு வெளுத்திருந்தது.

"போனு போடுங்க."

போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்றது ஒரு பெண் குரல். மறுபடி போட்டேன். அதே குரல். சுரங்கத்துக்குள் இறங்கிவிட்டால் சிக்னல் கிடைக்காது என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். தெரிந்தால் பயம் போய்விடுமா என்ன? ஐந்தாவது முறையும் போட்டேன்.

அவள் திரும்பி வந்து உட்கார்ந்து, மிச்சப் பக்கங்களையும் விடாமல் பார்த்துவிட்டுப் புத்தகத்தை மூடினாள்.

"பொய்யி சொன்னீங்க."

"ஆமாம்மா. நல்லதுக்குத்தான்..."

"நல்லதுக்குத்தான். லிஸ்ட்டுல பேரு வரணும்னு எனக்கு மட்டும் ஆசயில்லியா? வேனு வர்ற வரைக்கும் மல்லுக்கட்டிட்டு நானே அனுப்பியிருப்பனோ என்னமோ. அனுப்பியிருந்தா என் தைரியத்துல அனுப்பியிருப்பேன். இப்ப உங்க பொய்யில அனுப்பிட்டேன்."

இந்தப் பத்தியில் உங்களுக்கு எத்தனையோ பதில் சொல்லியிருக்கிறேன், அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. அசிங்கமாக இருந்தது.

"அப்ப நீங்களும் குந்துங்க," என்றாள். என் ஸ்கூட்டி சாவியை எடுத்து மெஷின் டிராயரில் போட்டு மூடினாள். "அவரு வர்ற வரைக்கும். நான் எப்பிடி குந்திகினு இருப்பனோ அப்பிடி."

உட்கார்ந்தேன். வீட்டுக்கு போன் செய்து, வர நேரமாகும், அடுப்பைப் பாருங்கள் என்று மட்டும் சொன்னேன். (அணைத்துத்தான் இருந்ததாம்.) மணி பத்தரை.

வேலைக்குப் போனவருக்காகக் காத்திருப்பது எனக்குப் புதிதா? இருபத்தேழு வருடமாக என் வீட்டுக்காரர் போகிறார், வருகிறார். சாயங்காலம் சைக்கிள் சத்தம் கேட்டால் டிகாக்ஷன் போடுவேன். அவ்வளவுதான் என் காத்திருப்பு. இது வேறு. பன்னிரண்டு மணிக்கு, இப்போது சாப்பாட்டைப் பிரித்திருப்பான் என்று நினைத்தேன். ஒரு மணிக்குக் காற்று கூடியது. லேஸ் கட்டாமல் ஓடினானே, கட்டிக்கொண்டானா? கன்வேயர் பக்கம் வேலை... நினைக்கக்கூடாது. நினைக்காமல் எப்படி இருப்பது? அஞ்சலை தைத்துக்கொண்டே இருந்தாள். சோறு போட்டாள். தொண்டையில் இறங்கவில்லை. அவள் தட்டைப் பார்த்தேன், அதிலும் அப்படியே இருந்தது. மூன்று மணிக்கு மழை பிடித்தது. அவனுக்கு ஏதாவது ஆனால் இவள் முகத்தில் நான் எப்படி முழிப்பேன்? முதல் முறையாக எனக்குச் சாமி கும்பிடத் தோன்றியது.

ஐந்தரைக்கு வேன் வர வேண்டும். பள்ளிக்கூடத்திலிருந்து வந்த மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, ஐந்து மணிக்கே ரோட்டுக்கு வந்துவிட்டோம், ஒரு குடையில் இரண்டு பேர்.

ஐந்தரை ஆனது. வேன் இல்லை. ஐந்தே முக்கால். இருட்டிக்கொண்டு வந்தது. அஞ்சலையின் கை என் முழங்கையைப் பிடித்திருந்தது, நகம் பதிகிற அளவுக்கு. ஆறு மணிக்கு ஒரு வேன் வந்து நின்றது. ஆட்கள் இறங்கினார்கள். எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு... ஏழுமலை இல்லை.

"கன்வேயர் வேன் எங்கங்க?" என்றேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

"தெரியலியேம்மா. நாங்க வேற செக்‌ஷன்."

அவர்கள் போய்விட்டார்கள். மழை, ரோடு, நாங்கள் இரண்டு பேர். அஞ்சலை என் பக்கம் திரும்பவே இல்லை. ஒரு பொய் சொல்லி, ஒரு மனுஷனை ஷூ மாட்டி அனுப்பி வைத்திருக்கிறேன் என்பதைத் தவிர என் மண்டையில் வேறு எதுவும் இல்லை.

ஆறு இருபதுக்குத் தூரத்தில் இரண்டு விளக்கு தெரிந்தது. வேன் வந்தது. நின்றது. முதலில் இறங்கியவன் ஏழுமலை இல்லை. இரண்டாவதும் இல்லை. நான்காவதாக, வயர் கூடையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு இறங்கி, எங்களைப் பார்த்துத் திகைத்து நின்றான்.

"என்னாக்கா, நீங்க இன்னும் போவலியா? வழியில டயரு பஞ்சருங்க..."

அவ்வளவுதான். அந்தச் சேற்றில், ரோட்டோரத்தில், அப்படியே உட்கார்ந்து ஓவென்று அழுதேன். ஐம்பத்திரண்டு வயது, ஊருக்கெல்லாம் புத்தகம் சொல்கிறவள்.

அஞ்சலை குனிந்து என் கையைப் பிடித்துத் தூக்கினாள். அவள் கண்ணில் ஒரு சொட்டு இல்லை.

"எந்திரிங்கக்கா," என்றாள். "நாளைக்கும் வேல இருக்கு அவருக்கு."